இடது முன்சக்கரம்

அக்டோபர் 10, செவ்வாய்

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது என்பதை இந்த இரண்டு நாட்களில் ஒன்பது பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரியாத செய்தி போல.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஞாயிறு மாலை நான்கே கால். நானும் என் மனைவி தெய்வாத்தாளும் மருதமலை ரோட்டில் வடவள்ளி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது, ரோடு ஈரம். வேகம் நாற்பதுக்குள். ஒரு மொபெட் சட்டென்று குறுக்கே வந்து கடந்துபோயிற்று. பிரேக்கை மிதித்தேன். அந்த இடத்தில் ரோடு வலப்பக்கம் வளைகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. நேராகவே போய், ஓரத்தில் நின்றிருந்த இளநீர் டெம்போவின் பின்பக்கத்தில் மோதி நின்றது. தெய்வா முன்னால் கையை ஊன்றியதில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மாப்பிள்ளை யுவராஜ் திருப்பூரிலிருந்து வந்தார். பனியன் கம்பெனியில் மேலாளர். எதையும் நாலு கேள்வியில் முடித்துவிடுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

“பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிருப்பீங்க மாமா. வயசானா கால் அப்படித்தான் ஏமாத்தும். விடுங்க. இனி வண்டி வேண்டாம், வித்துப் போடலாம்.”

“சரிங்க மாப்பிள்ளை” என்றேன்.

சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெய்வாவையும் மகள் மேகலா பார்த்துக்கொள்ளட்டும் என்று திருப்பூருக்கு அழைத்துப் போய்விட்டார். நசுங்கிய வண்டி வேலாண்டிபாளையத்தில் மெக்கானிக் சேமலையப்பனின் பட்டறைக்குப் போயிற்று. நான் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் பக்கம் ‘சரிங்க’ என்றால் ஒப்புக்கொண்டேன் என்று பொருளா? மூச்சு விடுகிற மாதிரி வாயில் வருகிற சொல் அது. அதை வைத்து என் காலுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அக்டோபர் 11, புதன்

காலைச் சோதித்தேன். நாற்காலிக்கு முன்னால் தரையில் இரண்டு அகராதிகளை வைத்தேன், ஒன்று பிரேக், ஒன்று ஆக்சிலேட்டர். நானே சொல்லி நானே மிதித்தால் அது சோதனை ஆகாது. மண் பரிசோதனை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவனுக்கு அது தெரியும். எந்த வயலின் மண் என்று சோதிப்பவனுக்குத் தெரியக்கூடாது. அதனால் இரண்டு சொற்களையும் கலைத்து அலைபேசியில் பதிவு செய்துவிட்டு, ஒரு மணி நேரம் தோட்டத்தில் களை பிடுங்கி மறந்துவிட்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன்.

அறுபதுக்கு அறுபது சரி.

ஆனால் நாற்காலிக்கு முன்னால் மொபெட் வருவதில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

மாலை ஐந்து மணிக்குத் திருப்பூருக்குப் பேசினேன். “அம்மா தூங்கறாங்கப்பா” என்றாள் மேகலா. பின்னாலிருந்து, “டீயில சக்கரை போட்டியா இல்லையா” என்று தெய்வாவின் குரல் கேட்டது.

மூன்றாவது முறை இப்படி. கை வலி என்றால் வாயுமா வலிக்கும்? எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. “சரி கண்ணு, தூங்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

இளநீர் டெம்போக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் பஸ்ஸில் போனேன். ஐம்பது வயதுப் பெண்மணி, பெயர் சம்பூரணம். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைக்காமலே பேச ஆரம்பித்தார்.

“வாங்க வாங்க. இன்னிக்கு எதுல வந்தீங்க?”

“பஸ்ஸுலங்க.”

“அப்பப் பொழச்சேன்.”

பின்கதவு நெளிந்தது, அறுபது இளநீர் ரோட்டில் உருண்டது, பாதியை ஜனம் வேடிக்கை பார்க்கிற சாக்கில் எடுத்துக்கொண்டு போனது, எல்லாவற்றையும் சொன்னார். நான் நின்று கேட்டேன். கடைசியில் பயந்துகொண்டே கேட்டேன், நான் பிரேக் போட்டேனா இல்லையா என்று அவருக்குத் தெரியுமா என்று.

“என்னைக் கேட்டா? உங்க கால் உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“சந்தேகமா இருக்குதுங்க.”

கொஞ்சம் உற்றுப் பார்த்தார். “நான் இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டேதான் இருந்தேன். சக்கரம் நின்னுபோச்சு, வண்டி நிக்கலைங்க. அம்மிக்கல்ல இழுத்தாப்புல தேய்ச்சுட்டே வந்துச்சு.”

இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“ஏனுங்க, எழுதறீங்க? நீங்க என்ன போலீசா?”

“மண் ஆபீசுல இருந்தேனுங்க.”

“மண்ணுக்கெல்லாமா ஆபீசு!” என்று சிரித்து, ஒரு இளநீரைச் சீவி நீட்டினார்.

சக்கரம் சுற்றாமல் தேய்ந்து வந்தது என்றால் நான் மிதித்தது பிரேக். ஆக்சிலேட்டர் அல்ல. என் கால் பொய் சொல்லவில்லை. வீடு வரும் வரை இதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 16, திங்கள்

அப்படியானால் அடுத்த கேள்வி. ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்க இந்தக் காரில் ஏ.பி.எஸ். இருக்கிறது. சக்கரம் நிற்கப்போனால் பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்து, நொடிக்குப் பல முறை அப்படிச் செய்யும். அதனால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். அதே சக்கரங்களின் கணக்கை வைத்துத்தான் வழுக்கலைத் தடுக்கும் இன்னொரு அமைப்பும் வேலை செய்கிறது. ஏதாவது பழுதென்றால் இரண்டும் தாமாக ஒதுங்கிக்கொண்டு, மீட்டரில் இரண்டு மஞ்சள் விளக்குகளை எரிய விடும். ஒன்றில் ஏ.பி.எஸ். என்று எழுதியிருக்கும். மற்றொன்றில் ஒரு கார் வழுக்குகிற படம்.

இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. ஆகஸ்ட் கடைசியிலிருந்து.

ஆகஸ்டில் இடது முன்சக்கரத்தில் ரீங்காரம் கேட்டது. கம்பெனி சர்வீசில் விடச் சொன்னார் மாப்பிள்ளை. சரிங்க என்றேன். அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் கையகல கம்ப்யூட்டரோடு நிற்கும் பெண் கேட்கிற வேகத்துக்கு எனக்குப் பதில் வருவதில்லை. அதனால் பழகிய சேமலையிடம் விட்டேன். அவர் சக்கர பேரிங்கை மாற்றினார். மறுநாளே இரண்டு விளக்கும் வந்தன.

முதல் முறை கேட்டபோது, “கம்பியில தண்ணி போயிருக்குமுங்க” என்றார். இரண்டாம் முறை, சக்கரத்தின் வேகத்தைப் படிக்கிற சென்சாரை மாற்றினார். மூன்றாம் முறை, “சும்மா எரிஞ்சுட்டுப் போகுதுங்க, பிரேக்கு அதுபாட்டுக்குப் புடிக்கும்” என்றார். சரிங்க என்றேன்.

தெய்வாவும் ஏதோ கேட்டாள். என்னவென்று நினைவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், தடுமாறக் கூடாதென்று. சக்கரம் நின்றது, ஆகவே பிரேக்கைத்தான் மிதித்தேன், ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை.

“மாமா, இளநீர்க்கார அம்மா சொல்றத வெச்சா? ஏ.பி.எஸ். போயிருந்தா லைட் எரியும். லைட் எதும் எரியலைன்னு நீங்கதானே ஆஸ்பத்திரியில சொன்னீங்க?”

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சந்தடியில் அவர் எதையோ தவறாகக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

என் பேச்சைவிட என் வயதை நம்புகிறார். இதில் என்ன மரியாதை? மாமா, மாமா என்று வாய்க்கு வாய் கூப்பிட்டால் போதுமா?

அக்டோபர் 18, புதன்

சேமலையப்பனின் பட்டறை. புது பம்பர் மாட்டியிருந்தார். வண்டிக்கு ஆள் பிடித்துவிட்டாராம் மாப்பிள்ளை. ஒன்றாம் தேதி வந்து எடுத்துக்கொள்வார்களாம். நான் ஏ.பி.எஸ். என்று ஆரம்பித்தேன்.

“ஏ.பி.எஸ்.ஸுங்களா? எங்கப்பன் நாப்பது வருசம் லாரி ஓட்டுனாருங்க. அதுல ஏ.பி.எஸ்.ஸா இருந்துச்சு? நம்ம காலுதானுங்க ஏ.பி.எஸ்.! கால் நல்லா இருந்தா வண்டி நிக்கும்.” என் காலைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நட்டு திருகுகிற பானாவைத் துடைத்தார். “தப்பா எடுத்துக்காதீங்கய்யா.”

“சரிங்க” என்றேன்.

இன்று மொத்தம் பதினான்கு ‘சரிங்க’. மாலையில் உட்கார்ந்து எண்ணினேன். அதில் இரண்டுதான் உண்மையாகவே சரி. இரண்டும் டீக்கடையில்.

ஒன்று மட்டும் செய்தேன். ஸ்கேனர் வைத்துப் பார்க்கிற ஹபீப் என்பவரை வரவழைக்கிறேன் என்றேன். “உங்க திருப்திக்கு வரட்டுமுங்க” என்றார் சேமலை.

அக்டோபர் 20, வெள்ளி

ஹபீப் வந்தார். நாற்பது வயது, பேச்சு குறைவு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி வண்டியைப் பட்டறை முற்றத்தில் மெதுவாக உருட்டினார். திரையில் நான்கு சக்கரங்களின் வேகத்துக்கும் நான்கு எண்கள். எட்டு, எட்டு, எட்டு, சைபர். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இடது முன்சக்கரம் மட்டும் தான் நின்றுகொண்டிருப்பதாகச் சொல்கிறது. அதை நம்ப முடியாமல்தான் மற்றதெல்லாம் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சென்சாரைக் கழற்றி வெளியே எடுத்து, அதன் முனையில் ஒரு சின்னக் காந்தத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சைபர் துள்ளியது. ஆறு, மூன்று, ஒன்பது.

“சென்சார் உசுரோடதான் இருக்கு. கம்பியும் நல்லாருக்கு.”

“அப்புறம் என்னதானுங்க?”

சேமலை டீ குடிக்கப் போயிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சென்சார் முன்னாடி ஓட வேண்டிய காந்தம் ஓடல. இப்ப வர்ற பேரிங்குல ஒரு மூஞ்சியில காந்தப் பட்டை இருக்குமுங்க, அது சென்சாரைப் பாத்து இருக்கணும். நான் சொன்னதா அண்ணன்கிட்டச் சொல்லிடாதீங்க. மாசத்துல பத்து வண்டி எனக்கு அனுப்பறவரு.”

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்தவன் எல்லாம் குசுகுசுவென்று பேசுகிறான். தெரியாதவன்தான் உரக்கப் பேசுகிறான். அந்தக் கோபத்தையும் ஹபீபிடம் காட்டவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

நேற்று காந்திபுரத்தில் அதே அளவில் ஒரு பேரிங் வாங்கினேன். இன்று சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுதான், இரண்டிலும் வளையமாக ஒரு மூடி. உற்றுப் பார்த்தால் ஒன்று கறுப்பு, மற்றது செம்பழுப்பு.

குண்டூசியைக் கறுப்புப் பக்கம் வைத்தேன். விழுந்தது. செம்பழுப்புப் பக்கம் வைத்துக் கவிழ்த்தேன். ஒட்டிக்கொண்டு நின்றது. பத்து முறை செய்தேன். பத்து முறையும் அப்படியே.

பழைய காலத்துப் பேரிங்கில் இந்தப் பட்டை கிடையாது, எந்தப் பக்கமாக அடித்து இறக்கினாலும் ஒன்றுதான். சேமலை கைப்பழக்கத்தில் திருப்பி அடித்திருக்கிறார். காந்தம் வெளியே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, சென்சார் உள்ளே எதுவுமில்லாத மூடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் தெய்வாவின் கை.

ஆனால் அவர் முப்பது வருட மெக்கானிக். நான் குண்டூசி வைத்துக்கொண்டிருக்கும் கிழவன். நான் நினைப்பது தவறாக இருந்தால்? போனை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்துவிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. நேரில் சொல்லிவிடுவது என்று பேரிங்கைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வாழைக்கன்று, மாவிலை, பானா திருப்புளிக்கெல்லாம் சந்தனப் பொட்டு. இன்று எதையும் தொட மாட்டார்கள். என் வண்டிக்கும் பூ சாத்தியிருந்தார்கள்.

பட்டறைக்குக் கொடுத்திருந்த மாற்றுச் சாவி வண்டியிலேயே இருந்தது. உட்கார்ந்து திருப்பிப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எல்லா விளக்குகளும் ஒரு முறை எரிந்து, மூன்று நொடியில் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று விளக்கு தன்னைத்தானே காட்டிக்கொள்வது அது. எண்ணெய் விளக்கு வந்தது. பேட்டரி விளக்கு வந்தது. என்னுடைய இரண்டும் வரவில்லை. பழுதும் தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை. ஐந்து முறை திருப்பிப் பார்த்தேன்.

சேமலை பொரியும் சுண்டலும் கொண்டுவந்தார். கேட்டேன்.

“அதுங்களா? மீட்டரைக் கழட்டி உள்ளே கறுப்பு டேப் ஒட்டிட்டனுங்க. விக்கற வண்டியில லைட்டு எரிஞ்சா வாங்கறவங்க நூறு கேள்வி கேப்பாங்க. மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியாதுங்க. நம்ம ஐயாவுக்காகச் செஞ்சது.”

“யாருங்க வாங்கறது?”

“ஒரு டீச்சரம்மாங்க. ரெண்டு கொழந்தைங்க. பொரி எடுத்துக்கங்க.”

வாய் நிறையப் பொரியோடு நான் சொன்ன சொல்லை இங்கே எழுதக் கை வரவில்லை. அன்றைய பதினான்கோடு சேர்த்தால் பதினைந்தாவது அது.

வீட்டுக்கு வந்து அந்தப் பேரிங்கைச் சுவரில் எறிந்தேன். சுவரில் காரை பெயர்ந்தது. பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அடிபட்டது ஓடாதே என்று பயந்து, நாளைக்கு வேறொன்று வாங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 25, புதன்

யாரிடமும் சரிங்க சொல்லாத நாள். யாரும் எதுவும் கேட்காததால்.

அக்டோபர் 26, வியாழன்

காலை ஒன்பது மணி. சேமலை இன்னொரு வண்டிக்குக் கீழே படுத்திருந்தார். காலை ஆட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சேமலை, இடது முன்சக்கரத்தைக் கழட்டு.”

பாட்டு நின்றது. வெளியே வந்தார். என் குரலை அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

“ஏனுங்கய்யா, ‘கழட்டு’ங்கறீங்க?”

“கழட்டுன்னுதான் சொன்னேன். பேரிங்கைத் திருப்பி அடிச்சு வெச்சிருக்கற. லைட்டை வேற மூடி வெச்சிருக்கற. ரெண்டு கொழந்தைங்கன்னு நீயே சொல்ற. நாளைக்கு மழையில அந்தம்மா மிதிச்சா?”

“நான் முப்பது வருசமா…”

“முப்பது வருசமா அடிச்சது வேற பேரிங்கு! இது வேற!” எச்சில் தெறித்தது. பையிலிருந்து புதுப் பேரிங்கை எடுக்கத் தெரியாமல் எடுத்து, குண்டூசியை வைத்தேன். முதல் குண்டூசி கீழே விழுந்தது, நான் கறுப்புப் பக்கம் வைத்திருந்தேன். திருப்பி வைத்தேன். ஒட்டியது.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். குண்டூசியை எடுத்துத் தானே வைத்துப் பார்த்தார். ஜாக்கியை உருட்டினார்.

கழற்ற ஒரு மணி நேரம். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்போடு பேரிங் வெளியே வந்ததும் இரண்டு பேரும் குனிந்தோம். சென்சார் துளை பக்கம் கறுப்பு. வெளிப்பக்கம் செம்பழுப்பு.

சேமலை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு மூஞ்சியும் ஒண்ணுதானேன்னு அடிச்சுட்டனுங்க.”

“இதே மாதிரி வேற எத்தனை வண்டிக்கு அடிச்ச?”

விரலை மடக்கினார். நான்கில் நின்றது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அவர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். மூன்றாவது ஆள் அவரைக் கண்டபடி திட்டியது எனக்கே கேட்டது.

புதிதைச் சரியாக இறக்கினார். மீட்டரைக் கழற்றி டேப்பையும் உரித்தார். ஹபீப் வந்து பழைய பழுதுக் குறிப்பை அழித்தார். சாவியைத் திருப்பினேன். இரண்டு விளக்கும் எரிந்தன. முற்றத்தில் ஒரு வட்டம் வந்ததும் இரண்டும் அணைந்தன. திரையில் எட்டு, எட்டு, எட்டு, எட்டு.

கிளம்பும்போது சேமலை, “திட்டுனது சரிதானுங்க. ஆனா ‘ங்க’ இல்லாம ‘கழட்டு’ன்னுட்டீங்களே, அதுதானுங்க” என்றார்.

“போறேனுங்க” என்றேன். கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 28, சனி

திருப்பூர் போய் வந்தேன். எழுதுவதா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். டீப்பாயில் பேரிங்கை வைத்து, குண்டூசி வைத்து, ஸ்கேனர் எண்கள், சம்பூரணம் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். தடுமாறவே இல்லை. மேகலா, “அப்பா!” என்று வியந்துபோய்ப் பார்த்தாள். தெய்வா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது திரும்பிப் பார்க்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மாப்பிள்ளை பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி மாமா. இது இப்படி இருந்தா லைட்டு எரிஞ்சிருக்கணுமே?”

குண்டூசியைப் பேரிங்கிலிருந்து எடுத்து மறுபடி வைத்தேன்.

“சொல்லுங்க” என்றாள் தெய்வா. இருபது நாளில் என்னிடம் பேசிய முதல் சொல்.

நான் பேரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லுங்க அவர்கிட்ட. இல்ல நான் சொல்லட்டா? நான் மூணு தடவ கேட்டேன். ‘ஏனுங்க, ரெண்டு மஞ்சளா எரியுதே, என்னங்க அது’ன்னு. மூணு தடவையும் ‘அது ஒண்ணுமில்ல தெய்வா, சும்மா எரியுது’ன்னாரு. அன்னிக்குக் காலையிலகூடக் கேட்டேன். வண்டி எடுக்கும்போது.”

நினைவில்லை என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். நினைவில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் எந்தப் புடவையில் இருந்தாள் என்பதுகூட.

“ஆஸ்பத்திரியில நீங்க கேக்கறீங்க, ‘லைட் எதாச்சும் எரிஞ்சுதா மாமா’ன்னு. இவரு ‘இல்லீங்க மாப்பிள்ளை’ங்கறாரு. நான் பக்கத்துல ஸ்ட்ரெச்சர்ல ஒடஞ்ச கையோட படுத்துட்டுக் கேட்டுட்டிருக்கேன். கை வலி போச்சுங்க எனக்கு அப்ப.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சந்தடியில் அவர் காதில் தவறாக விழவில்லை. நான் சொன்னேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். எரிந்தது என்றால், ‘எப்போதிலிருந்து’ என்பார். ‘கம்பெனி சர்வீசில் என்ன சொன்னார்கள்’ என்பார். நான் அங்கே போகவே இல்லை என்பது வரும். அதற்குப் பயந்து ஒரு சொல்லில் அடைத்தேன். அந்தச் சொல்லை வைத்துத்தான் என் காலுக்குத் தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்புக்காக மூன்று வாரமாக அவரைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“எரிஞ்சுதுங்க மாப்பிள்ளை. ஒண்ணரை மாசமா எரிஞ்சுது. நான் கம்பெனிக்குக் கொண்டு போகலைங்க. உங்ககிட்டப் பொய் சொன்னேனுங்க.”

அவர் எழுந்துவிட்டார். “மூணு வாரமா உங்க கால்தான் தப்புன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன் மாமா! என்னை என்னன்னு நெனப்பாங்க? ஒரு சர்வீஸ் சென்டர் பொண்ணுகிட்டப் பேச அவ்வளவு பயமா உங்களுக்கு?”

“பயந்தானுங்க.”

“என்கிட்டயுமா?”

“உங்ககிட்டத்தானுங்க அதிகம்.”

நல்ல மனிதர்தான். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து டீப்பாயில் வைத்தார். வைத்தார் என்பது சரியான சொல் அல்ல. போட்டார். “அந்த டீச்சரம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

தெய்வாவிடம் கிளம்பலாமா என்று கேட்டேன்.

“கட்டுப் பிரிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்.”

“கை சரியாயிருமுங்கறாங்களே தெய்வா.”

“கைக்காக இங்க வந்து உக்காந்திருக்கறேன்னு நெனச்சீங்களா?”

அக்டோபர் 31, செவ்வாய்

வண்டியை எடுத்து வந்து வீட்டில் நிறுத்தினேன். அதற்கு மேல் ஓட்டவில்லை. கோபம் தீரவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. சேமலையைத் திட்ட ஒரு பட்டறை இருந்தது. இவனைத் திட்டக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நின்றேன். அங்கேயும் இவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மேகலா கூரியரில் காராச்சேவு அனுப்பியிருந்தாள். கூரியரில்.

நவம்பர் 18, சனி

நேற்று கட்டுப் பிரித்தார்களாம். காலையில் மேகலா பேசினாள்: “அம்மா உங்களை வரச் சொன்னாங்க. கார்ல வருவீங்களாம்.”

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளை வெளியே வந்து சாவி போட்டுத் திருப்பச் சொல்லி, மீட்டரைத் தானே குனிந்து பார்த்தார். “ம்” என்றார். தெய்வா கைக்குத் துணி சுற்றியிருந்தாள். பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். கார் வாங்கிய நாளிலிருந்து அவள் பின்சீட்டில் உட்கார்ந்தது இல்லை.

அவிநாசி தாண்டினோம். தூறல் போட்டது. பெரிய ரோட்டை விட்டுச் சின்ன ரோடு ஒன்றில் திரும்பச் சொன்னாள். இரண்டு பக்கமும் சோளக்காடு. முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இல்லை.

“நிறுத்துங்க.”

நிறுத்தினேன். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நெடுக நடந்துபோய், ரோட்டை விட்டு வயலோரமாக ஒரு வேப்பமரத்தடியில் நின்று குரல் கொடுத்தாள்.

“அங்கிருந்து வாங்க. அன்னிக்கு வந்த வேகத்துலயே வாங்க. எனக்கு நேரா வந்ததும் மிதிங்க. நான் சக்கரத்தைப் பாக்கறேன்.”

“எதுக்கு தெய்வா? ஸ்கேனர்லயே பாத்தாச்சு.”

“ஸ்கேனரா உங்க பக்கத்துல உக்காரப் போகுது?”

பின்னால் போய்த் திருப்பினேன். பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தேன், கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்தேன். முப்பத்தெட்டில் வந்தேன். அவள் குடைக்கு நேராக வந்ததும் முழுக்காலும் ஊன்றி மிதித்தேன். காலுக்கடியில் பெடல் டகடகவென்று திருப்பி உதைத்தது. இத்தனை வருடம் ஓட்டியும் நான் அறியாத உதை. பயத்தில் காலை எடுக்கப் பார்த்தேன், எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பியது, நின்றது.

ஜன்னலை இறக்கி அவளைப் பார்த்தேன்.

“இன்னொருக்கா” என்றாள்.

போய்த் திரும்பி வந்து மிதித்தேன். அவள் குனிந்து, குடை ஒரு பக்கம் சரிய, சக்கரத்தையே பார்த்தாள். தலையும் முந்தானையும் நனைந்தன.

“இன்னொருக்கா.”

மூன்றாவது முறைக்குப் பிறகு குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். நான் எட்டி முன்கதவைத் திறந்து விட்டேன். அதைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினாள்.

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும், அவள் முகம் தெரிகிற மாதிரி நடுக்கண்ணாடியை மெல்லத் திருப்பி வைத்தேன்.

“ரோட்டப் பாருங்க” என்றாள்.